வந்து சேர்ந்த நேரம்

பதிவேட்டின்படி
அழைப்பு வந்தது இரண்டு நாற்பத்தொன்றுக்கு.
நாங்கள் போய்ச் சேர்ந்தது
இரண்டு முப்பத்தேழுக்கு.

சவேலி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
அடுப்பருகே சரிவதற்கு முன்பே
அவன் வாசலில் நின்றிருக்கிறோம்.
இவ்வளவு கடமை தவறாத ஆம்புலன்ஸ்
எஸ்தோனியாவில் வேறு இருக்காது.

உண்மையில் நாங்கள் இருந்தது தார்த்து சாலையில்.
ஒரு கர்ப்பிணியை மருத்துவமனையில் இறக்கிவிட்டு
வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம்.
பிப்ரவரிப் பனி, கண்ணாடியில் மாவு சலித்தது.
மைகி ஆறிப்போன காப்பியைப் பிடித்திருந்தாள்.

திரை மினுங்கியது:
கசெப்பா கிராமம், மாரடைப்பு.
தூரம் இரண்டு கிலோமீட்டர்.
அடுத்து வலப்பக்கம் திரும்பவும்.

வலப்பக்கம் பிர்ச் மரங்கள்தான் இருந்தன.

"இது நாம் இல்லை" என்றாள் மைகி,
ஏதோ புகைப்படத்தைப் பார்த்துச் சொல்வதுபோல.
எங்கள் நீலப் புள்ளி
நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால்
பெய்ப்சி ஏரியின் கரையோரம்
நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது,
எங்களை விட்டுவிட்டு.

வானம் ஊமையானால் தெரிந்துவிடும்.
திரை வெறுமையாகும், வரைபடத்தை எடுப்போம்.
பழகிப்போன சங்கடம் அது.
இது வேறு.
வானத்தின் குரலிலேயே
வேறெவனோ பேசுகிறான்.
கொஞ்சம் உரக்கப் பேசுகிறான், அவ்வளவுதான்.
வண்டிக்கு உரத்த குரல்தான் உண்மை.

வயர்லெஸ்ஸில் கத்தினேன்.
தார்மோ நம்பவில்லை.
"திரையில் வீட்டு முற்றத்தில் நிற்கிறீர்களே, உர்வே.
வந்தாயிற்று என்று பதிவாகியிருக்கிறது."
நான் பதிவு செய்யவில்லை.
முற்றத்தைப் புள்ளி தொட்டதும்
வண்டியே தன் வருகையைச் சொல்லிவிட்டது.
கடிகாரத்துக்கும் நேரம் சொல்வது அதே வானம்.
அதையும் நான்கு நிமிடம் பின்னுக்கு இழுத்திருந்தான்
அந்த எவனோ.

"கைல்கற்களைப் படிக்கிறேன், கேள்" என்றேன்.
எண்களைச் சொன்னேன்.
அவன் மூச்சு விடுவது கேட்டது.

முஸ்த்வே நிலையத்தில்
ஒரு வண்டி சும்மா நின்றது.
எட்டு நிமிடத் தூரம்.
ஓட்டுநர் காலுறையோடு தூங்கிக்கொண்டிருந்தான்.
அருகில் நாங்கள் இருக்கிறோமே,
அவனை எழுப்புவானேன் என்று
கணினி முடிவெடுத்திருந்தது.
அவன் கிளம்பியபோது இரண்டு ஐம்பத்திரண்டு.

அவ்வளவு நேரமும்
உஸ்தின்யா தொலைபேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்:
ஜெபவீட்டைத் தாண்டி, பச்சை வேலி,
வெங்காயக் கொட்டகைக்கு எதிரே,
வாசலில் விளக்கு எரியும்.
சொல்லிக்கொண்டே கணவனின் நெஞ்சை
இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.
எண்ணிக்கை தவறும்போதெல்லாம்
முதலிலிருந்து தொடங்கினாள்.

நாங்கள் போனபோது
அழுத்த எதுவும் மிச்சமில்லை.
முஸ்த்வேக்காரன் வாசலில் நின்றான்,
ஒரு காலில் மட்டும் காலுறையோடு.
உள்ளே, சரம் சரமாய்த் தொங்கிய வெங்காயங்களுக்குக் கீழே
அவள் நிமிர்ந்து கேட்டாள்:
"எங்கே இருந்தீர்கள்?"

கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன.
ஒன்றைப் பதிவேடு வைத்திருந்தது.

விசாரணைக்கு வந்தவர்
நாகரிகமான மனிதர்.
எவன் செய்தான், எல்லைக்கு எந்தப் பக்கத்திலிருந்து,
எங்களைத்தான் குறி வைத்தானா,
இல்லை ஏதோ விமானத்துக்கு வீசிய வலையில்
நாங்கள் போய் விழுந்தோமா,
தெரியாது என்றார்.
பதிவேட்டைத் திருத்த
தனி விண்ணப்பம் போடவேண்டுமாம்.
போட்டிருக்கிறேன்.

இப்போது மைகி
சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் கட்டுகிறாள்.
ஒவ்வொரு அழைப்புக்கும்
நேரத்தைக் கையுறையில் பேனாவால் எழுதுகிறாள்.
நான் ஊர் எல்லைப் பலகைகளை
வாய்விட்டுப் படித்தபடி ஓட்டுகிறேன்.

நேற்று இரவு ஓய்வாக நின்றிருந்தோம்.
திரையைப் பார்த்தேன்.
நீலப் புள்ளி
எங்கள் மேல்தான் இருந்தது.
இறங்கிப் போய்
நிலையத்தின் பெயர்ப்பலகையை
ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.